இழுத்துப் போடுவது எளிது என்கிற பொய்

பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறார். ஓர் ஆவணி மாதம், முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தமாக இருந்த நேரம், இரவு பத்து மணிக்கு மேல் போன் செய்தார். "தம்பி, ஒரு எட்டு கடைக்கு வந்துட்டுப் போறியளா?" குரலே சரியில்லை. போனால், கடையில் வேலை பார்க்கும் பையன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கிறான். அண்ணாச்சி கணினியைக் காட்டினார். மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி நிச்சய தாம்பூலம் வரை ஒரு படமும் இல்லை.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு இரண்டு கேமரா போயிருந்தன, இரண்டும் நிக்கான். நிக்கான் கேமரா தான் எடுக்கும் படங்களுக்கு டிஎஸ்சி_0001 என்று தொடங்கி 9999 வரை தானே பெயர் வைத்துக்கொண்டு போகும்; முடிந்ததும் மறுபடி 0001. இரண்டு கேமராவிலும் எண்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. பையன் முதல் கார்டைச் செருகி, படங்களை மவுஸால் வளைத்துப் பிடித்து, கல்யாண ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டான். இரண்டாவது கார்டையும் அதே ஃபோல்டருக்குள் இழுத்தான். ஒரு பெட்டி எழும்பி ஏதோ கேட்டது. முதல் கட்டத்தை அமுக்கினான். பழைய படங்களின் மேல் புதிய படங்கள் உட்கார்ந்துகொண்டன. பிறகு, மறுநாள் கல்யாணத்துக்காக இரண்டு கார்டையும் சுத்தமாக ஃபார்மட் செய்து பெட்டியில் வைத்துவிட்டான். வேலையில் சுறுசுறுப்பான பையன்.

"கேட்டுச்சு, ஓகே குடுத்தேன் அண்ணாச்சி," என்றான். அவன் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் எல்லோருமே அப்படித்தான் ஓகே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நல்லவேளையாக ஃபார்மட் செய்த கார்டில் அதற்குப் பிறகு எதுவும் எடுத்திருக்கவில்லை. என் மடிக்கணினியைத் திறந்து, ஃபோட்டோரெக் என்ற நிரலை ஓட்டினேன். கிறிஸ்தோஃப் கிரெனியே என்கிற பிரெஞ்சுக்காரர் எழுதி இலவசமாகக் கொடுத்திருப்பது. ஐகான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத்திரையில் வெள்ளை எழுத்து, அம்புக்குறி விசையும் என்டரும். திரையைப் பார்த்ததும் அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். "தம்பி, அந்தக் கறுப்பை மட்டும் தொறக்காதீய. இருக்கதும் அழிஞ்சிரும்!"

மவுஸ் அழித்த படத்தைக் கறுப்புத்திரை மீட்டுக்கொண்டிருக்கும்போது, அழிக்கப்போவது கறுப்புத்திரைதான் என்று ஒருவர் மனதார நம்புகிறார். இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கையின் மேல்.

இது அண்ணாச்சியின் சொந்தச் சரக்கு அல்ல. கல்லூரியில் கணினி கற்றுத் தருகிறவர்கள், மென்பொருள் கம்பெனியில் பத்து வருஷம் குப்பை கொட்டியவர்கள், அரசு அலுவலகத்தில் நாள் முழுக்கக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே மந்திரத்தைத்தான் சொல்கிறார்கள்: கட்டளை தட்டச்சு செய்து கோப்பை நகர்த்துவது பழங்காலத்து வழி, கஷ்டமான வழி, ஆபத்தான வழி, அது நிபுணர்களுக்கு. இழுத்துப் போடுவது புதியது, சுலபமானது, பத்திரமானது, அது நமக்கு. இதில் ஒரு சொல்கூடத் தேறாது என்பது என் கட்சி.

பழசு என்பதை முதலில் தள்ளிவிடலாம், அதற்கு அதிக நேரம் வேண்டாம். டக்ளஸ் எங்கல்பார்ட்டின் ஆய்வுக்கூடத்தில் முதல் மவுஸை மரக்கட்டையில் செய்தது 1964-ல். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கூட்டத்தின் முன்னால் அதை ஓட்டிக் காட்டினார். பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதத் தொடங்கியது அடுத்த வருஷம்தான். கோப்பை நகர்த்தும் எம்வி என்ற கட்டளையை 1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸின் முதல் கையேட்டில் பார்க்கலாம். ஏட்டுக் கணக்குப்படி எம்வியைவிட எலி ஏழு வயது மூத்தது. கணினிக்குத் தட்டச்சில் கட்டளையிடும் பழக்கம் இரண்டையும்விட மூத்தது, மறுக்கவில்லை. ஆனால் வயது ஒரு குற்றம் என்றால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூண்டில் ஏற்ற வேண்டும்.

எம்வி என்ற அந்தக் குட்டிப் பெயருக்கும் ஒரு காரணம் உண்டு. 'மூவ்' என்ற ஆங்கிலச் சொல்லின் உயிரெழுத்துகளை உருவிவிட்டால் மிஞ்சுவது அது. அன்றைக்குக் கட்டளை அடித்தது டெலிடைப் மாடல் 33 போன்ற எந்திரங்களில். நொடிக்குப் பத்து எழுத்துதான் ஓடும். விசையை அமுக்கவும் விரலில் வலு வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் விலை இருந்ததால் சொற்களைச் சுருக்கினார்கள். தந்தி அடித்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்கள் முதலில் பார்த்தது டாஸ் என்ற கட்டளைத் திரை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டு, ஏசி அறைக்குள் நுழைந்து, தப்பாக ஓர் எழுத்து அடித்தால் 'பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்' என்று திட்டு வாங்கினோம். என்ன தப்பு, எங்கே தப்பு, ஒன்றும் சொல்லாது. போதாக்குறைக்கு மைக்ரோசாஃப்ட்டின் டாஸில் 1993-ல் ஆறாம் பதிப்பு வரும் வரைக்கும் கோப்பை நகர்த்த என்று ஒரு கட்டளையே கிடையாது. முதலில் நகல் எடு, பிறகு பழையதை அழி. நடுவில் கை தவறினால் போச்சு. அந்த மொண்ணைக் கத்தியால் விரலை வெட்டிக்கொண்டவர்கள், கத்தி என்றாலே ஆகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். மீதியைச் சினிமா பார்த்துக்கொண்டது. கறுப்புத்திரையில் பச்சை எழுத்து ஓடினால் யாரோ பாங்கைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது, கஷ்டம் என்கிற புலம்பல். சாதாரண ஜனங்களுக்குக் கட்டளையெல்லாம் வராது என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

கைபேசி திருட்டுப் போனால் போலீஸ் கேட்கும் அடையாள எண்ணைத் தெரிந்துகொள்ள *#06# அடிக்க வேண்டும் என்பது காய்கறிக் கடைக்காரருக்கும் தெரியும். ஸ்மார்ட்போன் இல்லாதவர் *99# அடித்துத் தன் வங்கிக் கணக்கைப் பார்க்கிறார். ரயில் டிக்கெட் உறுதியானதா என்று அறிய பிஎன்ஆர் என்று அடித்து, எண்ணைச் சேர்த்து 139-க்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர்! இவையெல்லாம் என்னவாம்? ஒரு வினை, அதன் பின்னால் ஒரு பொருள், கடைசியில் அனுப்பு பொத்தான். அச்சு அசல் கட்டளை வரிதான். யாரும் இதற்குப் பட்டயப் படிப்பு படிக்கவில்லை.

இன்னும் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. பென் டிரைவ் கோலோச்சிய காலத்தில் ஒரு வைரஸ் சுற்றியது நினைவிருக்கும். ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து, அவற்றின் இடத்தில் சின்ன அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டுகள் உட்கார்ந்திருக்கும். பிரவுசிங் சென்டர் பையன்கள் என்ன செய்தார்கள்? ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று அடித்து, கறுப்புத்திரையைத் திறந்து, 'அட்ரிப் மைனஸ் எச் மைனஸ் ஆர் மைனஸ் எஸ், ஸ்லாஷ் எஸ் ஸ்லாஷ் டி' என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள். மறைந்த ஃபோல்டர்கள் திரும்பி வரும். கடைக்குக் கடை, ஊருக்கு ஊர், நோட்டில் எழுதியும் வாயால் சொல்லியும் இந்த ஒரு வரி பரவியது. மவுஸால் இதைப் போக்க முனைந்தவர்கள் ஷார்ட்கட்டை மறுபடி மறுபடி சொடுக்கி வைரஸைத்தான் வளர்த்தார்கள்.

தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த மாநிலம் இது. ஹையர் பாஸ் செய்துவிட்டு அலுவலகத்துக்கு வந்த பெண்களின் பத்து விரல்களும் விசைப்பலகையில் பறக்கும். அவர்கள் கையைப் பிடித்து, ஒரே ஒரு விரலால் ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இழுக்கச் சொன்னோம். அதற்குப் பெயர் எளிமை என்றோம்.

சரி, நகர்த்துவது என்றால்தான் என்ன? இந்தக் கேள்வியை மவுஸ் நம்மைக் கேட்கவே விடுவதில்லை. பழைய விண்டோஸில் ஒரு படம் காட்டுவார்களே, இந்த ஃபோல்டரிலிருந்து அந்த ஃபோல்டருக்குக் காகிதம் பறக்கும். பார்க்க நன்றாக இருக்கும், நடப்பதோ அது அல்ல. ஒரே வட்டுக்குள் ஒரு கோப்பை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது எதுவும் எங்கும் பறப்பதில்லை. நடப்பது பட்டா மாற்றம். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பதிவேட்டில் ஒரு பக்கத்திலிருந்த வரியை அடித்துவிட்டு இன்னொரு பக்கத்தில் எழுதிக்கொள்கிறார்கள். யூனிக்ஸ் குடும்பத்தில் ஃபோல்டர் என்பதே அப்படி ஒரு பதிவேடுதான்: இடது பக்கம் பெயர், வலது பக்கம் ஒரு எண். ஐநோட் என்கிற அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் தரவு கிடைக்கும். அதனால்தான் நாற்பது ஜிபி கல்யாண வீடியோவை எம்வி கண் இமைக்கும் நேரத்தில் நகர்த்திவிடுகிறது. தொடக்க காலத்தில் இதை இரண்டு படியாகச் செய்தார்கள்: புதுப் பெயரை முதலில் எழுதுவது, பழைய பெயரைப் பிறகு அடிப்பது. ஒரே படியில் முடிக்கும் வசதி 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் பதிப்பான 4.2 பிஎஸ்டியில் வந்தது.

அதே கோப்பை வேறு வட்டுக்கு நகர்த்தினால் கதை வேறு. அது வேறு ஊர்ப் பதிவேடு, இந்த ஊர் எண் அங்கே செல்லாது. அப்போது எம்வி வீடு காலி செய்கிற வேலையைச் செய்கிறது: எல்லாவற்றையும் அங்கே நகலெடுத்து இறக்கிவிட்டு, பிறகுதான் இங்கே அழிக்கும். நாற்பது ஜிபிக்கு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

இப்போது மவுஸ் இதே வேலையை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் ஒரே டிரைவுக்குள் இழுத்துப் போட்டால் கோப்பு நகரும். வேறு டிரைவுக்கு இழுத்துப் போட்டால் நகலெடுக்கும், பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். கை செய்தது ஒரே அசைவு, விளைவு இரண்டு. ஷிஃப்ட்டை அமுக்கினால் ஒன்று, கன்ட்ரோலை அமுக்கினால் இன்னொன்று. இழுத்துப் போடுகிற நூறு பேரைப் பிடித்து இந்த விதியைக் கேளுங்கள், எத்தனை பேர் சொல்கிறார்கள் பார்ப்போம். நகர்த்து என்றால் எம்வி, நகலெடு என்றால் சிபி என்று இரண்டு வினைக்கு இரண்டு சொல் வைத்திருப்பது கஷ்டமாம். ஒரே சைகையை வைத்துக்கொண்டு, எந்த டிரைவில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தத்தை மாற்றிக்கொள்வது சுலபமாம்.

இழுக்கும்போது விரல் நடுவில் வழுக்கினால்? ஃபோல்டர் பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்துவிடும். சத்தம் வராது, செய்தி வராது. 'நேத்து இங்கதான் சார் இருந்துச்சு, வைரஸ் தின்னுருச்சு' என்று அலுவலகங்களில் கேட்கும் ஒப்பாரிகளில் கணிசமானவை இப்படி வழுக்கி விழுந்தவை என்பது என் அனுபவம். கன்ட்ரோல் இசட் போட்டால் திரும்பி வருமே என்பீர்கள். வரும், விழுந்தது தெரிந்திருந்தால். கறுப்புத்திரையில் கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல்லிலோ நான் நேற்று என்ன சொன்னேன் என்பது வரி வரியாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஹிஸ்டரி என்று அடித்தால் கட்டளைகள் வரிசையாக வந்து நிற்கும். கை என்ன செய்தது என்பதற்கு மவுஸிடம் அப்படி ஒரு ஏடு இல்லை.

ஆபத்துக்கு வருகிறேன். இதில் எதிர்க்கட்சியிடம் சரக்கு இருக்கிறது, ஒளிக்கப்போவதில்லை. எம்வி வாய் திறக்காமல் வேலை செய்கிற ஆள். போகிற இடத்தில் அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தால், அதை ஒழித்துவிட்டு இதை வைக்கும், கேட்காது. இழுத்துப் போடுவதில் ஒரு பெட்டியாவது எழும்பும். இன்னொரு வம்பும் உண்டு. நட்சத்திரக் குறியைப் போட்டால் ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்புகளின் பெயரையும் ஷெல் விரித்து எம்வியிடம் கொடுக்கும். எங்கே கொண்டுபோவது என்று எழுத மறந்து என்டரைத் தட்டினீர்கள் என்று வையுங்கள். ஃபோல்டரில் இரண்டே இரண்டு கோப்பு இருந்தால், முதலாவது இரண்டாவதின் பெயரைச் சூடிக்கொண்டு அதை விழுங்கிவிடும். நான் ஒருமுறை அப்படி ஒரு முழுக் கட்டுரையைத் தின்னக் கொடுத்திருக்கிறேன். இப்போது படிக்கிறதைவிட நல்ல கட்டுரை.

ஆனால் இந்த ஆபத்துக்கு மருந்து பக்கத்திலேயே தொங்குகிறது, ஒரு கோடும் ஓர் எழுத்தும். எம்விக்குப் பின்னால் 'மைனஸ் ஐ' என்று சேர்த்தால் மேலெழுதும் முன் கேட்கும். 'மைனஸ் என்' என்றால் மேலெழுதவே எழுதாது, அப்படிப்பட்டதை நகர்த்தாமல் விட்டுவிடும். யூனிக்ஸ் குடும்பத்து லினக்ஸில் 'மைனஸ் பி' என்றால் பழையதற்கு வால் ஒன்று முளைக்க வைத்து ஓரமாக எடுத்து வைக்கும். 'மைனஸ் வி' என்றால் எதை எங்கே வைத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லும். சேருமிடத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டுவிட்டால், அது ஃபோல்டர் என்பதில் சந்தேகமே வராது. அப்படி ஒரு ஃபோல்டர் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகுமே தவிர, உங்கள் ஒற்றைப் படம் 'கல்யாணம்' என்று பெயர் மாறி ஓடிப்போகாது. மொத்த இலக்கணமும் இவ்வளவுதான். ஒற்று மிகும் இடங்களும் மிகா இடங்களும் இதைவிடப் பெரிய பாடம். அதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படித்துத் தேறவில்லையா?

மவுஸால் கனவிலும் முடியாத ஒன்று இருக்கிறது: ஒத்திகை. எழுதிய கட்டளைக்கு முன்னால் 'எக்கோ' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து என்டரைத் தட்டினால், ஷெல் எதையும் செய்யாது; என்ன செய்யப்போகிறது என்பதை விரித்துச் சொல்லும். நட்சத்திரக் குறி எந்தெந்தக் கோப்பாக விரிகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். சரியாக இருந்தால் மேல் அம்பை அமுக்கி, எக்கோவை எடுத்துவிட்டு மறுபடி தட்டலாம். இழுப்பதை எப்படி ஒத்திகை பார்ப்பீர்கள்? பாதி வழி இழுத்துவிட்டு யோசிப்பீர்களா?

அந்தப் பெட்டி கேட்கிறதே, அது பத்திரம் இல்லையா என்றால், பாளையங்கோட்டைப் பையனிடமும் அது கேட்டது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கும் கேள்வியை யாரும் படிப்பதில்லை. அவனிடம் பெட்டி கேட்டது ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம், கீழே மூன்று தேர்வுகள். கட்டளைக்கு ஆங்கிலம் வேண்டுமே என்று அங்கலாய்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். எம்வி எந்த மொழிச் சொல்லும் இல்லை. லண்டன்காரனும் அதைப் புதிதாகத்தான் கற்றுக்கொள்கிறான்.

கோப்பின் பெயரும் ஃபோல்டரின் பெயரும் தமிழிலேயே இருக்கலாம். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-ல் யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தை வகுத்தார்கள். அது சாய்கோட்டையும் சுழி பைட்டையும் கெடுக்காமல் உலகத்து எழுத்துகளையெல்லாம் பைட்டுகளாக்கியது. யூனிக்ஸ் கோப்புப் பெயரில் விலக்கியது அந்த இரண்டை மட்டும்தான். ஆகவே 'எம்வி, மாப்பிள்ளை அழைப்பு, திருமணம்/' என்று கட்டளையிட ஒரு தடையும் இல்லை. பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும், அவ்வளவே. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் தின்னும். 'திருமணம்' என்ற சொல்லுக்கு எட்டுக் குறியீடு, 24 பைட். நீட்டி முழக்கி அழைப்பிதழ் வாசகத்தையே பெயராக வைப்பவர்களுக்குத்தான் சிக்கல்.

நம் எழுத்துக்கே உரிய ஒரு வேடிக்கையும் உண்டு. 'பொன்' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. லினக்ஸுக்கோ அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டு 'பொன்' அக்கம்பக்கமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் ஒரு மாலை முழுவதும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். மவுஸில் இரண்டையும் முறைத்துப் பார்க்கலாம். ஷெல்லில் பெயரை ஓடி என்ற நிரலுக்குள் செலுத்தினால் பைட் பைட்டாகக் கக்கிவிடும்.

கண் பார்வை இல்லாதவரை நினைத்துப் பாருங்கள். இழுத்துப் போடுவது என்பது கண்ணும் நடுங்காத கையும் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டது. கட்டளையோ எழுத்து. எழுத்தைத் திரை வாசிப்பான் உரக்கப் படிக்கும்; பதிலாக வருவதையும் படிக்கும். ஈஸ்பீக் போன்ற இலவசக் குரல் மென்பொருளில் தமிழும் உண்டு. யாருக்கு எளிது என்று கேட்காமலே எளிது எளிது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கட்டளை கஷ்டம் என்ற நம்பிக்கை இத்தனை நாள் உயிரோடிருப்பதற்குக் காரணம் அண்ணாச்சிகள் இல்லை. கறுப்புத்திரையைத் திறந்துவைத்துக்கொண்டு, யாராவது எட்டிப் பார்த்தால் 'இது உங்களுக்குப் புரியாது' என்கிறார்களே, அந்தப் பூசாரிகள்தான். ஐந்தே கட்டளையில் முடிகிற வேலையைப் பதினைந்து கட்டளையாக்கி, அதையும் வேகமாக அடித்து, என்ன செய்தோம் என்று சொல்லாமல் எழுந்துபோவார்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் பயம் வளர்ந்தால்தானே அந்தப் பக்கம் மவுசு. மவுஸை எதிர்க்கும் ஆளாகக் காட்டிக்கொண்டு அதற்கு மிகப் பெரிய சேவை செய்கிறவர்கள் இவர்கள்.

மவுஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயிரத்து இருநூறு படத்தில் ஆல்பத்துக்கு நூற்றைம்பது பொறுக்க வேண்டும் என்றால், மணப்பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து 'இது வேண்டாம், கண்ணு மூடியிருக்கு' என்று சொல்லச் சொல்ல எடுக்க வேண்டும் என்றால், மவுஸுக்கு இணை கிடையாது. கண்ணால் பொறுக்குவது அதன் வேலை. மொத்தமாக இடம் மாற்றுவது, வகை பார்த்துப் பிரிப்பது, ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி செய்வது ஆகியவை சொல்லின் வேலை.

அன்றிரவு படங்கள் திரும்பி வந்தன. பெயர்கள் வரவில்லை. ஃபோட்டோரெக் பதிவேட்டை நம்பாமல் நேரே நிலத்தைத் தோண்டுகிற நிரல். பழைய பெயர் அதற்குத் தெரியாது. எஃப் என்ற எழுத்தும் நீண்ட எண்ணுமாகத் தானே பெயரிட்டு, கோப்புகளைக் குவித்தது. பட்டா தொலைந்து நிலம் மிஞ்சிய கதை. அவற்றைப் பிரித்து அடுக்கத்தான் முதன்முதலாக அண்ணாச்சியின் கடையில் எம்வி ஓடியது. தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

உண்மையில் இரண்டு கார்டு ஒரே பெயரில் மோதுவதற்கு முதல் வைத்தியம் நிக்கானின் மெனுவிலேயே இருந்தது. டிஎஸ்சி என்ற மூன்று எழுத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒரு கேமராவுக்கு அண்ணாச்சியின் பெயர் எழுத்துகளையும் மற்றதற்குப் பையனின் பெயர் எழுத்துகளையும் வைத்தோம். கார்டு இறக்குவதற்கென்று மூலையில் கிடந்த பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தேன். கார்டிலிருந்து எம்வி கூடாது, சிபிதான். எண்ணிக்கை சரிபார்க்காமல் கார்டை ஃபார்மட் செய்யக்கூடாது. வட்டுக்குள் அடுக்குவதற்கு எம்வி, எப்போதும் 'மைனஸ் என் மைனஸ் வி' சேர்த்து, கடைசியில் சாய்கோடு. பையன் இதை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதி மானிட்டரின் கீழே ஒட்டிக்கொண்டான். 'நியூ ஃபோல்டர் (2)', 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் ஒரிஜினல்' என்று ஆறு வருஷமாகச் சேர்ந்திருந்த குப்பையை, வருஷம் மாதம் வாரியாக இரண்டு மத்தியானத்தில் பிரித்துவிட்டான். எனக்குத் தெரியாத ஒரு நட்சத்திரக் குறித் தந்திரத்தை அவனே கண்டுபிடித்தும் வைத்திருந்தான்.

போன தையில் அண்ணாச்சி தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நானும் கூட இருந்தேன். கடையில் இடம் நிறைந்துவிட்டது, முந்தைய வருஷப் படங்களைப் புது வட்டுக்கு நகர்த்த வேண்டும் என்று பையன் போன் செய்தான். மண்டபத்தில் நாதஸ்வரம், ஒன்றும் காதில் விழவில்லை. அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கட்டளையை வாட்ஸப்பில் ஓர் எழுத்து விடாமல் தட்டி அனுப்பினார். இழுத்துப் போடுவதை யாரும் இப்படி வாட்ஸப்பில் அனுப்பியதில்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மறுபடி போன்.

"அண்ணாச்சி, கமாண்ட் நாட் ஃபவுண்டுனு வருது."

அவர் தன் செய்தியை ஒருமுறை உற்றுப் பார்த்தார். கைபேசி வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கி வைத்திருந்தது. நாதஸ்வரத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"ஏலே, சின்ன எம் போடுலே!"